வைத்தியர் கைவிரித்த பிறகு

சாவுக்குத் தமிழர் வகுத்து வைத்திருக்கும் முறைகள் கல்யாணத்துக்கு வகுத்தவற்றிலும் குறைந்தவை அல்ல. நீர்மாலை எடுத்து வருவது யார், கோடி போடும் உரிமை எந்த வீட்டுக்கு, நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் எப்படி நிற்பது, துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத நாளில் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு எந்த வேளைக்கு வந்து சேரவேண்டும், பதினாறாம் நாள் கருமாதிக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்பவற்றையெல்லாம் பள்ளிக்கூட வாசலை மிதியாத கிழவிகூட ஒரு சொல் பிசகாமல் எடுத்துரைப்பாள். இவற்றில் ஒன்று தவறினாலும் வருஷக்கணக்கில் உறவு முறிந்து கிடப்பது உண்டு. ஆனால் இந்த முறைகள் அனைத்தும் மூச்சு நின்ற பிறகே தொடங்குகின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் மூத்த மகனைத் தனியே அழைத்து, "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்க" என்று டாக்டர் சொல்லும் நிமிஷத்துக்கும், அந்த வீட்டு வாசலில் முதல் ஒப்பாரிக் குரல் எழும் நிமிஷத்துக்கும் நடுவே சில நாட்களோ, பல மாதங்களோ, சில சமயம் ஒரு முழு வருஷமோ கிடக்கிறது. அந்த இடைக்காலத்தில் நோயாளிக்கு வலி உண்டு, பயம் உண்டு, பேசித் தீர்க்க வேண்டியவை உண்டு. குடும்பத்துக்குக் கண்விழிப்பு உண்டு, கடன் உண்டு. அதற்கென்று ஒரு சம்பிரதாயமோ வைத்திய விதியோ மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி தன் கடமை தீர்ந்தது என்று ஒதுங்கிவிடுகிறது; ஊரோ தன் கடமை இன்னும் வரவில்லை என்று காத்திருக்கிறது. யாருக்கும் உரியதாக இல்லாத இந்த இடைக்காலத்தைத் தமதென்று ஏற்க முன்வந்தவர்கள் யார், அவர்கள் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார்கள், நம் நாட்டில் எஞ்சியிருப்பது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பழைய இலக்கியத்தில் மரணத்தைப் பற்றிய சிந்தனைக்குப் பஞ்சமில்லை. நிலையாமையைத் தொல்காப்பியம் காஞ்சி என்று ஒரு திணையாகவே வகுத்தது. இறந்தவரைப் பாடும் கையறுநிலைச் செய்யுட்கள் புறநானூற்றில் பல உண்டு. வள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். துறவு பூண்ட பட்டினத்தாரும் தாயின் ஈமக்கடனுக்குத் திரும்பி வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கூர்ந்து நோக்கினால் இவை இருப்பவனுக்குச் சொல்லும் எச்சரிக்கையாகவோ, போனவனை நினைத்து அழும் அழுகையாகவோதான் இருக்கின்றன. போய்க்கொண்டிருப்பவனுடைய தலைமாட்டில் அமர்ந்த கவி அபூர்வம். அந்த அபூர்வத்துக்கு ஓர் உதாரணம் கோப்பெருஞ்சோழன் வரலாறு. பெற்ற மக்களோடு மூண்ட பகையின் விளைவாக வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த அம்மன்னன், தான் நேரில் கண்டிராத பாண்டிநாட்டு நண்பர் பிசிராந்தையாருக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு வைக்கச் சொன்னதையும், வரமாட்டார் என்று பிறர் நினைத்திருக்க அவர் வந்து சேர்ந்ததையும் புறநானூறு கூறுகிறது. நட்பின் மகிமைக்கு மேற்கோளாகவே இதைப் பள்ளிக்கூடங்களில் ஓதி வருகிறோம். அரசனே ஆனாலும் சாகப்போகிறவன் முதலில் தேடுவது பக்கத்தில் ஒரு துணையைத்தான் என்பதற்கும் இதைவிடப் பழைய தமிழ்ச் சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. நாட்கணக்கை அவ்வளவு துல்லியமாகப் பொறித்து வைத்தவர்கள், அத்தனை நாளும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கக் கைகொடுத்தவர் யார் என்பதைப் பொறிக்கவில்லை. பணிவிடையை நேரடியாகப் பேசிய பெருமை பௌத்தர்களின் விநய நூலுக்கு உரியது: வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்ஷுவைப் புத்தர் ஆனந்தருடன் சேர்ந்து கழுவித் தூக்கிக் கிடத்தினார் என்றும், நோயாளிக்குச் செய்யும் உபசாரம் தமக்கே செய்வதற்கு ஒப்பாகும் என்று சங்கத்தாரிடம் சொன்னார் என்றும் அது விவரிக்கிறது.

மேல்நாட்டில் இந்த விசாரணை வேறு காரணத்தால் எழுந்தது. நடுக்கால ஐரோப்பாவில் உறவினரும் அண்டை அயலாரும் சூழ்ந்திருக்கப் படுக்கையறையில் நிகழ்ந்த மரணம், இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் தள்ளப்பட்டது என்று பிரெஞ்சுச் சரித்திர ஆசிரியர் பிலிப் ஆரியெஸ் விரிவாக எழுதினார். அதற்கு வெகு முன்பே, 1886-ல், டால்ஸ்டாய் 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலில் நோயின் வேதனைக்கு மேலாகப் பொய்யின் வேதனை இருப்பதைக் காட்டிவிட்டார். மனைவியும் வைத்தியர்களும் நீதிபதி இவான் இலியிச் குணமாகிவிடுவார் என்பதுபோல நடிக்க, கிராமத்திலிருந்து வந்த வேலைக்காரன் கெராசிம் ஒருவன்தான் நடிப்பதில்லை. அவருடைய மலச்சட்டியை எடுத்துப் போவதும், வலி சற்றுத் தணியும் என்பதற்காக இரவெல்லாம் அவர் கால்களைத் தன் தோளில் தாங்கி உட்கார்ந்திருப்பதும் அவனே. இன்று பாலியேட்டிவ் சிகிச்சை, தணிப்புச் சிகிச்சை என்றெல்லாம் அழைக்கப்படும் அந்திமப் பரிசாரக சாஸ்திரம் முழுவதும் கெராசிமுக்கு எழுதிய உரை என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த உரையைத் தொடங்கி வைத்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கில மாது. 1918-ல் பிறந்த அவர் முதலில் நர்ஸாக இருந்து, முதுகுவலியால் அத்தொழிலை விட நேர்ந்ததும், ஆஸ்பத்திரி நோயாளிகளின் குடும்ப க்ஷேமத்தை விசாரிக்கும் உத்தியோகத்தை மேற்கொண்டார். அங்கேதான் வார்ஸாவிலிருந்து அகதியாக வந்து, லண்டனில் உறவென்று சொல்ல ஒருவருமின்றிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் தாஸ்மா என்ற யூதரைச் சந்தித்தார். இத்தகைய நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் அமையவேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். 1948-ல் தாஸ்மா இறந்தபோது, அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்கவேண்டும் என்று சொல்லி 500 பவுனை அவருக்கு எழுதி வைத்தார். சாகிறவர்களைக் கைவிடுபவர்கள் வைத்தியர்களே ஆகையால், அவர்களைத் திருத்த வேண்டுமானால் நீயும் வைத்தியம் படி என்று ஒரு சர்ஜன் சொல்ல, சாண்டர்ஸ் அதையும் படித்து 1957-ல் தேறினார். கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் அவர் ஏழாண்டுகள் செய்த வேலை வெளிப்பார்வைக்கு மிக எளியது. வலி வந்து நோயாளி கதறிக் கெஞ்சிய பிறகு மருந்து தருவதே அன்றைய வழக்கம். அவர் கடிகாரத்தைப் பார்த்து, முந்தின வேளையின் வீரியம் தீர்வதற்குள் அடுத்த வேளையைக் கொடுக்கச் செய்தார். வலி திரும்ப வருமோ என்ற பயமே வலியின் பாதி என்பது அதனால் விளங்கிற்று. பயம் நீங்கியவர்கள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள், கடிதம் எழுதினார்கள். தாஸ்மா தந்த பணத்துக்கும் தென்லண்டன் சிட்னமில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டதற்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன. திறந்த வருஷம் 1967. சாண்டர்ஸ் 2005-ல் அதே இல்லத்தில் கண்மூடினார்.

சாண்டர்ஸ் விட்டுச்சென்ற கருத்துக்களில் தலையாயது, சாகிறவனுடைய வலி ஒற்றை வலி அன்று என்பது. கன்னத்தில் புற்றுநோய் முற்றிய ஒரு நெசவாளியை நினைத்துப் பார்ப்போம். புண்ணின் வலி ஒன்று. தறியை விற்று வைத்தியம் பார்த்தாயிற்றே, இனிக் கந்துவட்டிக்காரன் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பானே என்பது மற்றொன்று. வாசலில் உட்கார்ந்து பேசிய சிநேகிதர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி வராமல் நின்றுவிட்டார்களே என்பது பிறிதொன்று. யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், எனக்கு ஏன் இது வந்தது என்று முருகனிடம் கேட்டுப் பதில் கிடைக்காத வேதனை இன்னும் ஒன்று. இந்த நான்கும் ஒன்றாகத் திரண்டு "ஐயோ, வலிக்குது" என்ற ஒரே சொல்லாக வெளிவருகின்றன. மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போகும் வைத்தியர் முதல் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, ஏன் அடங்கவில்லை என்று திகைக்கிறார். வட்டிக்காரனிடம் பேச ஓர் ஆளும், தினம் ஒரு வேளை வந்து உட்கார ஒரு சிநேகிதனும் கிடைத்தால் அந்த அளவு குறையக்கூடும் என்பதை இத்துறையினர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

எனினும் முதல் வலியை அடக்காமல் மற்றவற்றைப் பேசுவது வெறும் உபதேசம். அதற்குரிய மருந்து மார்பின். கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் அபினில் உள்ள சத்து. 1986-ல் உலக சுகாதார ஸ்தாபனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் வகுத்து, கடுமையான வலிக்கு வாய்வழி மார்பினை மேற்படியில் வைத்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் சின்ன மாத்திரை அது, விலையும் சொற்பம். முதல் சில நாட்கள் மயக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பெரும்பாலும் நீங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் நீங்காது, ஆகையால் கூடவே பேதி மருந்தும் எழுதாத வைத்தியர் பாதி வைத்தியமே செய்தவர். மார்பின் என்ற பேரைக் கேட்டதும் போதைப் பழக்கம் என்றும், கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்றும் குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். வலிக்கு ஏற்ற அளவில் படிப்படியாக ஏற்றித் தரும்போது இவ்விரண்டு அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை என்பதை எடுத்துச் சொல்லவே வைத்தியருக்குப் பாதி நேரம் போய்விடுகிறது.

விசித்திரம் என்னவென்றால், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியுடன் அபின் விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அதைப் பதப்படுத்தும் சர்க்கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் அந்தத் தொழிற்சாலைக்குப் பத்து மைலில் இருக்கும் புற்றுநோயாளிக்கும் மார்பின் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. 1985-ல் இயற்றப்பட்ட போதைப்பொருள் சட்டம் கள்ளக்கடத்தலை ஒடுக்கும் ஆவேசத்தில், கணக்கில் பிசகு வந்தால் பத்தாண்டுச் சிறை என்ற பயத்தை மருந்துக்கடைக்காரன் வரைக்கும் பரப்பிவிட்டது. பல இலாகாக்களிடம் பல உரிமங்கள் வாங்கி, ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிப்போகும் நிலையில், ஆஸ்பத்திரிகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மார்பினை வாங்குவதை நிறுத்தின. நாட்டில் அதன் மருத்துவ உபயோகம் அதலபாதாளத்துக்குச் சரிந்தது. ஒரு தலைமுறை வைத்தியர்கள் மார்பின் எழுதவே கற்காமல் பட்டம் பெற்று வெளிவந்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு உரிமமுறை எளிதாயிற்று. சட்டத்தைத் திருத்துவது சுலபம், கற்காமல் விட்ட தலைமுறையைத் திருத்துவது சுலபம் அன்று. மரணத்தின் தரத்தைக் கணக்கிட்ட ஒரு சர்வதேசப் பட்டியலில் 2010-ல் 40 நாடுகளில் நாம் 40-ஆவது. 2015-ல் 80-ல் 67-ஆவது. இத்தகைய பட்டியல்களில் எனக்கு அதிக மரியாதை இல்லை என்றாலும், கடைசி இடத்தைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. உலகக் கணக்கும் நியாயமானதல்ல: லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகை நியமித்த குழு 2017-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வருஷத்துக்கு விநியோகமான மார்பின் வகை மருந்து 298.5 டன், அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன்.

இந்தியாவில் இதற்கென்று முதல் இல்லம் 1986-ல் பம்பாயில் சாந்தி அவேத்னா என்ற பெயரில் எழுந்தது. ஆனால் நம் நாட்டின் பெரும் சாதனை கட்டடத்தில் நிகழவில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். கிளினிக்குக்கு வருபவர்களைவிட வரமுடியாமல் வீட்டில் கிடப்பவர்களே அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவர்களைத் தேடிப் போக வைத்தியர்கள் போதவில்லை. ஆனால் அக்கம்பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய அண்டைவீட்டார் அமைப்பில், ஆசிரியர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் கல்லூரி மாணவர்களும் குறுகிய பயிற்சி பெற்று, தத்தம் தெருவில் படுத்துக் கிடப்பவர்களின் பொறுப்பை ஏற்றார்கள். புண் கட்டுவதும் மருந்து சரிபார்ப்பதும் நர்ஸ் செய்ய, நோயாளியின் வீட்டுக்கு அரிசி வந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா, பென்ஷன் மனு என்னாயிற்று என்பவற்றைத் தொண்டர்கள் பார்த்தார்கள். பணம் பெருந்தனவந்தர்களிடமிருந்து வருவதைவிடக் கடைக்கடையாக வைத்த உண்டியல்களில் சில்லறையாகவே அதிகம் சேர்ந்தது. பிடியரிசி எடுத்து மடம் நடத்திய பழைய வழக்கத்தின் புதிய அவதாரம் என்று இதைக் கொள்ளலாம். 2008-ல் கேரள சர்க்கார் இதையே தன் கொள்கையாக அறிவித்து, பஞ்சாயத்துக்கள் வழியாக நர்ஸ்கள் வீடு செல்ல ஏற்பாடு செய்தது. இதில் வைத்தியருக்குப் பெருமை உண்டா என்று கேட்டால், அவருக்குள்ள பெருமை ஒதுங்கி நிற்கத் தெரிந்ததுதான். ஊரின் கடமை மூச்சு நின்ற பிறகே தொடங்கும் என்ற வழக்கத்தைச் சில மாதங்கள் முன்னுக்கு இழுத்து வைத்தார்கள். அவ்வளவே அவர்கள் செய்த புரட்சி.

கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. கைவிரித்த பிறகுதான் இந்தப் பரிசாரகம் தொடங்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்ததோடு, கடைசிக் காலத்தில் கொடிய சிகிச்சைகளுக்கு அதிகம் ஆளாகாமலும், மற்றவர்களைவிட நீண்ட நாளும் உயிரோடு இருந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். நம் ஊரில் பாலியேட்டிவ் டாக்டரிடம் போகச் சொன்னால், "அப்போ முடிஞ்சுபோச்சா டாக்டர்?" என்று கேட்டுக் குடும்பமே அழுகிறது.

உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்ற வினாவுக்கு இப்போது வருவோம். மேல்நாட்டு நூல்கள் நோயாளிக்கு அறியும் உரிமை உண்டு என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. நம் வீடுகளில் அது ஒரே வரியில் முடிகிற காரியம் அன்று. டாக்டரின் அறைக் கதவை மெல்லத் திறந்து முதலில் நுழைவது மகன். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்." அவன் வெளியேறிய பிறகு, ஊசி போட வந்த நர்ஸின் கையைப் பிடித்து அப்பா சொல்கிறார்: "எனக்குத் தெரியும்மா. பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதே, ஒடிஞ்சு போயிடுவாங்க." அன்பினால் எழுப்பிய இந்தச் சுவரின் இருபுறமும் இருவரும் தனித்தனியே அழுகிறார்கள். நடைமுறையில் வரும் சேதமும் சின்னதல்ல. பட்டா மாற்றப்படாமல் கிடக்கிறது, பாங்குக் கணக்கில் வாரிசு பெயர் இல்லை, கொடுத்த கைமாற்று யாருக்கும் தெரியாது, துபாயில் இருக்கும் இளைய மகளுக்குக் காலத்தில் சொல்லி அனுப்பாததால் அவள் வந்து சேரும்போது ஐஸ்பெட்டிதான் இருக்கிறது. அனுபவசாலியான வைத்தியர் உண்மையை வலிந்து திணிப்பதில்லை. "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். அநேகமாக நோயாளியே சொல்லிவிடுகிறார். வைத்தியர் மறுக்காமல் இருந்தால் போதும்.

இங்கே எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற ஸ்விஸ் வைத்தியரின் பெயரைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சாகப்போகிறவர்களுடன் உட்கார்ந்து அவர்களையே பேசவிட்டு, 1969-ல் வெளியிட்ட நூலில் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை அவர் சொன்னார். எல்லோரும் இந்த ஐந்தையும் வரிசையாகக் கடக்கிறார்கள் என்பதற்குப் பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் ஆதாரம் கிடைக்கவில்லை; காலையில் ஏற்றுக்கொண்டவர் மாலையில் மறுப்பதை எந்த வீட்டிலும் காணலாம். ஆயினும் சாகிறவனிடமே கேட்கலாம் என்ற துணிவை வைத்திய உலகுக்குத் தந்தவர் அவர். அந்த நூலின் ஐந்து படிகள் உதிர்ந்து போனாலும் இது நிற்கும்.

படுக்கையருகில் நடப்பவை சாஸ்திரத்தைவிடச் சின்னவை, ஆனால் அவைதான் நாளை நிறைக்கின்றன. வீடு தேடி வரும் நர்ஸின் பையில் பஞ்சு, துணிச்சுருள், உப்புநீர், கையுறை, சிறுநீர்க் குழாய், கொஞ்சம் மாத்திரை இருக்கும். புற்றுநோய்ப் புண் அழுகி நாற்றமெடுக்கும்போது நோயாளியைச் சுற்றியிருந்த உறவுகள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு வாசற்படியில் வைக்கப்படுகிறது, பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள், அவர் தாமே திண்ணைக்குப் போய்விடுகிறார். மெட்ரோனிடசோல் என்ற மலிவான மாத்திரையை அம்மியிலோ கரண்டியாலோ பொடித்துப் புண்ணின்மேல் தூவிக் கட்டினால் ஓரிரு நாளில் நாற்றம் அடங்குகிறது. நோய் அணுவளவும் குறையவில்லை. ஆனால் தட்டு மறுபடி உள்ளே வருகிறது, பேத்தி தாத்தாவின் கட்டிலில் ஏறி உட்காருகிறாள். கோடி ரூபாய் இயந்திரங்கள் பலவற்றால் செய்யமுடியாத சிகிச்சை என்று இதை நான் மதிக்கிறேன்.

உணவைப் பற்றிய சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. "ரெண்டு வாய்தாம்மா, எனக்காக" என்று மகள் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்பாள். தாய் வாயை இறுக மூடிக்கொள்வாள். கடைசி நாட்களில் உடல் தானே உணவை வேண்டாமென்கிறது. திணித்தால் புரையேறுவதும் வயிறு உப்புவதுமே மிச்சம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அம்மாவைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோம் என்ற குற்றவுணர்வு மகளை வருஷக்கணக்கில் வாட்டும். அதேபோல, தொண்டையில் கோழை சேர்ந்து கரகரவென்று ஒலிக்கும் அந்தக் கடைசி மூச்சு, கேட்பவருக்குப் பயங்கரமே தவிர, நினைவிழந்த நோயாளிக்குப் பெரும்பாலும் அவஸ்தை அன்று; ஒருக்களித்துப் படுக்கவைத்தால் ஒலி குறையும். இழுத்துக்கொண்டிருக்கும்போது சுற்றத்தார் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். விழுங்கும் சக்தி போனவருக்கு ஒரு கரண்டிப் பாலும் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வழக்கத்தைப் பழித்து யாரும் வென்றதில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றச் சொன்னால் பேரன் முதல் பங்காளி வரை எல்லோருக்கும் உரிமையும் நிறைவேறுகிறது, நோயாளிக்கும் வறண்ட உதடு ஈரமாகிறது.

குடும்பம் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருப்பவள் அநேகமாக ஒரு பெண். மனைவியோ மருமகளோ மகளோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பவளும், துணி அலசுபவளும், கூலி வேலையை விட்டவளும் அவளே. முடிவுகளை எடுப்பவர்கள் வாரக்கடைசியில் காரில் வந்து, "ஏன் இளைச்சுட்டார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நோயாளியைச் சில நாள் ஓர் இல்லத்தில் சேர்த்து அவளைத் தூங்கவிடுவதும் இத்துறையின் சிகிச்சை முறைகளில் ஒன்று. நம் நாட்டில் அதற்குரிய படுக்கைகள் மிகக் குறைவு. யாரும் துணைக்கு வராத இந்தச் சுமையின் கோரமான முடிவையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. தென்மாவட்டங்கள் சிலவற்றில், நெடுநாள் படுத்துவிட்ட முதியவர்களுக்கு விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரைப் போக்கும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் 2010-ல் பத்திரிகைகளில் வெளிப்பட்டபோது நாடு திடுக்கிட்டது. அது கொலை, அதற்குக் கௌரவமான பெயர் எதுவும் கிடையாது. ஆனால் அதைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியவர்களில் எத்தனை பேர், அந்த ஊரில் படுக்கைப் புண் கட்ட ஒரு நர்ஸ் வந்ததுண்டா என்று கேட்டார்கள்?

தலைக்கூத்தலுக்கு நேர் எதிர்முனையில் நிற்பது நகரத்து இயந்திர மரணம். மீளும் நம்பிக்கை சிறிதும் இல்லாத தொண்ணூறு வயதினரை வென்டிலேட்டரில் வைத்து, கண்ணாடிக்கு வெளியே மக்கள் காத்திருக்க, நகைக்கடனில் பில் ஏறிக்கொண்டே போகும் மரணம் அது. சட்டம் இதில் மெல்ல நகர்ந்தது. அருணா ஷான்பாக் என்ற நர்ஸைப் பற்றிய வழக்கில் 2011-லும், பின்னர் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் வழியாக 2018 மார்ச் 9-லும், பயனற்ற சிகிச்சையை விலக்கி இயற்கையாக இறக்க அனுமதிப்பதை உச்சநீதிமன்றம் ஏற்றது; இரண்டாம் தீர்ப்பில், கௌரவமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது விதி தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி, ஒருவர் முன்கூட்டியே தம் விருப்பத்தை எழுதி வைக்கவும் வழி செய்தது. அதற்கு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்று முதலில் வைத்த நிபந்தனையால் காரியம் ஏட்டளவில் நின்றது. 2023-ல் நோட்டரியோ கெஜட் பதிவுபெற்ற அதிகாரியோ போதும் என்று தளர்த்தினார்கள். விஷ ஊசி போட்டுக் கொல்வதை எந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டையும் 'கருணைக்கொலை' என்ற ஒரே மூட்டையில் கட்டும் பழக்கம் பத்திரிகைகளில் இன்னும் போகவில்லை.

மரணத்துக்குப் பின்வரும் துக்கத்தில் மட்டும் நாம் யாரிடமும் கற்கவேண்டிய அவசியம் அதிகம் இல்லை என்றே தோன்றுகிறது. சாண்டர்ஸின் இல்லத்தில் காலின் முர்ரே பார்க்ஸ் என்ற மனநோய் வைத்தியர், குடும்பத்தாரை மரணத்துக்குப் பிறகும் தொடர்ந்து விசாரிக்கும் முறையை ஏற்படுத்தினார். துக்கம் விசாரிக்க ஊரே வந்து பாயில் உட்காரும் சமூகத்துக்கு அது புதிதல்ல. தீராத் துக்கத்தை ஒரு நோயாக அண்மையில் வகைப்படுத்திய அமெரிக்க வைத்தியர்கள் பெரியவர்களுக்கு 12 மாத எல்லை வைத்திருக்கிறார்கள். நம் தலைத்திவசமும் அதே கணக்குத்தான். குறை இல்லாமலும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு வரும் நாற்பதாவது நாளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. விதவையின் துக்கத்தைச் சடங்காலேயே இரட்டிப்பாக்கினோம். குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு "தாத்தா சாமிகிட்டப் போயிட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். 2020-ல் கொள்ளைநோய் வந்து, பிளாஸ்டிக்கில் சுற்றிய உடலைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்தவர்கள், முகம் பார்க்காத சாவு முடியாத சாவு என்பதை உணர்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்த மாத்திரையோடு தணிப்புச் சிகிச்சை நர்ஸையும் வீட்டு வாசலுக்கு அனுப்பியது. இது பெரிய அடி என்பதில் சந்தேகமில்லை. என் கவலையெல்லாம் படிவம் நிரப்புவதே பரிசாரகம் ஆகிவிடுமோ என்பதுதான். இங்கிலாந்திலேயே, கடைசி நாட்களுக்கென்று வகுத்த லிவர்பூல் முறை என்ற நெறிமுறை, நல்ல நோக்கத்தோடு பிறந்து, பல ஆஸ்பத்திரிகளில் குறியிடும் பட்டியலாகத் தேய்ந்து, குடும்பங்களின் முறையீட்டுக்கு உள்ளாகி, 2013-ல் நடந்த விசாரணைக்குப் பின் கைவிடப்பட்டது. மேலும் நம் நர்ஸ்கள் பகலில் வருகிறார்கள். மூச்சுத் திணறல் இரவு இரண்டு மணிக்கு வருகிறது. அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்து, "தலையை உயர்த்தி வையுங்க, ஜன்னலைத் திறங்க, அந்த மாத்திரையில பாதி கொடுங்க" என்று சொல்ல ஒரு குரல் இல்லாததால்தான், வீட்டில் சாக விரும்பிய பலர் ஆம்புலன்ஸில் சாகிறார்கள்.

இன்னொரு தடை சுடுகாட்டு வாசலில் நிற்கிறது. நகரங்களில் வீட்டில் இறந்தவருக்கு வைத்தியர் ஒருவர் மரணத்தை உறுதிசெய்து எழுதிக் கொடுத்தால்தான் மயானத்தில் ஏற்பார்கள். கடைசியாகப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விடியற்காலையில் வரமாட்டார். தெருமுனைக் கிளினிக்காரர் தாம் பார்க்காத நோயாளிக்குக் கையெழுத்திடத் தயங்குவார். போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துவார். இந்த ஒரு தாளுக்குப் பயந்தே, மூச்சு இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்கள் உண்டு. வீடு தேடி நர்ஸை அனுப்பும் ஏற்பாட்டில், மாதம் ஒரு முறையாவது அந்த நோயாளியைக் கண்ட வைத்தியர் ஒருவரையும், எந்த நேரமும் வந்து அந்தத் தாளில் கையெழுத்திடும் பொறுப்பையும் சேர்த்தால், அதற்காகப் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ வாங்கவேண்டியதில்லை. சுகாதார இலாகாவின் ஓர் உத்தரவு போதும்.